பசி விடுமுறை

"பனிக்கரடி சிரிக்காது சார்."

இந்த ஒரு வாக்கியத்துக்கே டாக்டர் வினோதாவின் வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை. கீர்த்திவாசன் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் சங்குமேடு மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. தளத்தில் கைலியை மடித்துக் கட்டிய இரண்டு மீனவர்கள் நெஞ்சோடு நெஞ்சு முட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மற்றவனின் கழுத்தைக் கவ்வுவது போலக் கவ்வி விட்டுவிட்டான். இருவரும் தொப்பென்று விழுந்தார்கள். மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார்கள். பிறகு எழுந்து மறுபடியும் முட்டினார்கள். சுற்றிலும் இதே போல நாற்பது ஐம்பது ஜோடிகள்.

"பாருங்க, பாருங்க! என்ன சந்தோஷம்! சோறு இல்லாம ஒரு மாசத்துக்கு மேல இருக்கான், குழந்தை மாதிரி விளையாடறான். இந்த க்ளிப்பை அமைச்சருக்கு அனுப்பியாச்சா?" என்றார் கீர்த்திவாசன்.

அனுப்பியாகிவிட்டது. அமைச்சர் நெகிழ்ந்துவிட்டதாகவும் தகவல் வந்துவிட்டது. அமைச்சர்கள் மலிவாக நெகிழ்கிறவர்கள்.

மீன்கள் இனம் பெருக்கும் பருவம் என்று கோடையில் விசைப்படகுகளைக் கரையில் கட்டிவைப்பது வருடாந்திர வழக்கம். அத்தனை நாளும் மீனவன் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்பது வருடாந்திரக் கேள்வி. அதற்கு நிவாரணம் என்று ஒன்றைக் கொடுத்து, அது வந்ததா வரவில்லையா என்று சட்டசபையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கீர்த்திவாசனின் 'சுபிட்சா பயோ' வந்து கேள்வியையே தூக்கிவிட்டது. உலையே வேண்டாம். ஒரு ஊசி போதும்.

வடதுருவத்துப் பக்கம், கோடையில் கடலின் பனி உருகியதும் பனிக்கரடிகள் கரையேறிவிடும். பனி இல்லாமல் அவற்றால் சீல் என்ற கடல்நாயைப் பிடித்துத் தின்ன முடியாது. மாதக்கணக்கில் ஏறக்குறைய பட்டினி. ஆனாலும் சாவதில்லை. உடம்பு தன் கொழுப்பையே சிக்கனமாகத் தின்றுகொண்டு நடமாடும். அந்தச் சிக்கனத்தின் சூத்திரத்தைக் கரடியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, மனித உடம்புக்கு ஒத்துப்போகும்படி செய்து, சீசாவில் அடைத்தாகிவிட்டது. திட்டத்துக்குப் பெயர் 'பசி விடுமுறை'. துறைமுக வாசலிலேயே பெரிய பேனர். அதில் கீர்த்திவாசன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில், 'முதல் ஊசி எனக்கே!'

வினோதா விலங்கியல்காரி. கனடாவில் ஒரு விரிகுடாக் கரையில் மூன்று இலையுதிர்காலங்கள் கரடிகளோடு குடியிருந்தவள். பேனரில் போட ஒரு டாக்டர் பெயர் வேண்டும் என்று அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

"சார், அது சந்தோஷம் இல்ல. கரடி எப்ப விளையாடும் தெரியுமா? பனிக்காகக் காத்திருக்கறப்ப. பெரிய ஆண் கரடிங்க ரெண்டு கால்ல நின்னு இதே மாதிரிதான் முட்டும், பொய்க்கடி கடிக்கும், உடம்பு சூடாச்சுன்னா படுத்துக்கும். கடல் உறைஞ்சதும் அப்படியே போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமப் போயிடும். இவங்களும் எதுக்கோ காத்திருக்காங்க."

"தடைக்காலம் முடியறதுக்குக் காத்திருக்காங்க. தடை முடியும், மருந்தும் தீரும், பசி வந்துடும். லேப்ல டாண்ணு வந்துச்சே?"

"லேப்ல வந்தது சரி. ஆனா இங்க தங்கையன்னு ஒருத்தர் விளையாட்டை நிறுத்திட்டார். மூணு நாளா வலைக் கொட்டகையில படுத்துக் கிடக்கார். கொழுப்பு இருக்கற கரடிதான் சார் விளையாடும். மெலிஞ்சது ஓரமா ஒதுங்கிடும். அவருக்கு ஊசி போட்டப்பவே உடம்புல ஒண்ணும் கிடையாது. கரடி வசந்தகாலம் முழுக்கச் சீல் தின்னு கொழுத்துட்டுத்தான் பட்டினிக்கு வரும். நாம இவங்களைக் கடல்லருந்து கரையேறினதும் வரிசையில நிறுத்திக் குத்திட்டோம்."

"குளுக்கோஸ் ஏத்துங்க."

"ஏத்தியாச்சு. உடம்பு வாங்க மாட்டேங்குது. அப்படியே வெளியே தள்ளுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

கீர்த்திவாசன் இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். அவர் மீசை ஓரத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. முந்திரித் துணுக்கு மாதிரி தெரிந்தது. வினோதா அதையே பார்ப்பதைக் கவனித்துத் துடைத்துக்கொண்டார்.

"நாலு நாள்ல அமைச்சர் வர்றார். திட்டம் மாநிலம் முழுக்கப் போகுது. கரும்பு வெட்டறவன், செங்கல் சூளைக்காரன், எல்லாருக்கும். இந்த நேரத்துல ஒரு ஆம்புலன்ஸ் இந்த கேட்டைத் தாண்டிச்சுன்னா, உங்க தங்கையன் பிழைப்பானோ இல்லியோ, நான் செத்தேன். விழா முடியட்டும் டாக்டர்."

அவர் கையால் சைகை காட்ட, அடுத்த க்ளிப் ஓடத் தொடங்கியது.

* * *

துறைமுகத்தைச் சுற்றி வேலி. உள்ளே சோற்றுப் பருக்கைகூடப் போகக்கூடாது, சோதனை கெட்டுவிடும். மனைவிமார்களைச் சாயங்காலம் கொஞ்ச நேரம் உள்ளே விடுவார்கள். பை, தூக்குவாளி, மடி எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத்தான்.

தங்கையனின் மனைவி அம்சவல்லி வெறுங்கையோடு வந்து புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தங்கையனின் கண்கள் திறந்திருந்தன. அவை கடலைப் பார்த்தபடியே இருந்தன. கன்னம் ஒட்டி, விலா எலும்புகள் பாய்மரக் கழிகள் மாதிரி துருத்தியிருந்தன.

"நான் யாருன்னு கேட்டா சரியாச் சொல்றாரு டாக்டரம்மா. பேரு சொல்றாரு. ஆனா சோறுன்னா என்னான்னு கேக்குற மாதிரி பாக்குறாரு. முந்தாநாளு ரெண்டு பருக்கைய நகத்துக்குள்ள வச்சுக் கொண்டாந்து வாயில வச்சேன். கல்லு மாதிரி துப்பிட்டாரு."

"நகத்துக்குள்ளயா?"

"பின்ன? மூக்குத்தியத் தவிர எல்லாத்தையும் கழட்டிப் பாக்குறானுவ."

கொட்டகைக்கு வெளியே தடால் என்று சத்தம். காத்தவராயன் என்ற ஆஜானுபாகு, இன்னொருவனைத் தரையில் சாய்த்துவிட்டு அவன் மேலேயே படுத்துக்கொண்டு, "எந்திரிடா பாப்போம்! எந்திரிக்கிறியா, இல்ல தூங்குறியா?" என்று சீண்டிக்கொண்டிருந்தான். அவன் வயிறு ஊசிக்கு முன்பு அண்டா மாதிரி இருந்தது. இப்போது குடம் அளவுக்கு வந்திருக்கிறது.

"இவனுக்கென்ன, இன்னும் ஆறு மாசம் ஆடுவான். நான் செஞ்ச பாவம், என் வூட்டுக்காரருக்கு எலும்பு மட்டும்தான். கல்யாணத்துக்கே மாப்ள எங்கன்னு தேடுனாங்க" என்றாள் அம்சவல்லி. சிரிக்கவில்லை. "அம்மா, உள்ளதச் சொல்லுங்க. தடை முடியிற வரைக்கும் தாங்குவாரா?"

வினோதா கடலைப் பார்த்தாள். கடைசியாகக் கரடிகளோடு இருந்த வருடம் நினைவுக்கு வந்தது. அந்த வருடம் பனி தாமதம். கரையில் கரடிகள் விளையாடிக்கொண்டே இருந்தன. ஒரு கிழட்டு ஆண், தன்னில் பாதி இருந்த இளவட்டத்துக்கு வேண்டுமென்றே விழுந்து கொடுத்ததைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். பிறகு ஒவ்வொன்றாக ஓரத்துக்குப் போய், முன்னங்கால்களின் மேல் தாடையை வைத்துப் படுத்தன. முதலில் போய்ப் படுத்தது அந்தக் கிழம்தான். பனி வந்தபோது அது எழுந்திருக்கவில்லை.

"விளையாட்டு ரெண்டு காரணத்துக்கு நிக்கும்மா. ஒண்ணு, பனி வந்தா. இன்னொண்ணு, உடம்புல ஒண்ணும் மிஞ்சலேன்னா."

"இங்க எங்கேருந்து பனி வரும்? மே மாசத்துல?"

வினோதா பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்படியே நின்றாள்.

சென்னை லேப். குறித்த நாளில் டாண் என்று பசி வந்த தன்னார்வலர்கள். அன்றைக்கு என்ன நடந்தது? கடைசி ரத்தம் எடுத்தார்கள். எடுத்த ரத்தத்தை வைக்க, அறை நிறைய ஐஸ் பெட்டிகளை இறக்கினார்கள். மூடியைத் திறந்ததும் புகையாகக் குளிர் பரவியது. அரை மணி நேரத்தில் ஒருவன் கேன்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டான். எல்லோரும் கைதட்டி, மருந்து தீர்ந்துவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள்.

மருந்து தீரவில்லை. கரடியின் உடம்புக்கு நாள்காட்டி தெரியாது. அதற்குத் தெரிந்தது பனிக்கட்டி மட்டும். பனி வந்தால் வேட்டை, வேட்டை என்றால் பசி. பனி வராவிட்டால் தடைக்காலம் முடிந்தாலும் இந்த ஆட்கள் முட்டிக்கொண்டேதான் இருப்பார்கள், ஒவ்வொருவராக ஓரத்தில் போய்ப் படுக்கும் வரை.

"ஐஸ். ஐஸ் வரணும்மா. ஒண்ணு ரெண்டு துண்டு போதாது. நிறைய. மூக்குல ஏறுற அளவுக்கு" என்றாள் வினோதா.

அம்சவல்லி அவளை விநோதமாகப் பார்த்தாள். "எதிர்ல நிக்குதே, அதான் ஐஸ் பிளாண்டு. படகு கெளம்புற அன்னிக்கு ஊரே குளுந்துபோற அளவுக்கு ஐஸ் ஒடைப்பாங்க. தடையில மூடி வச்சிருக்கான். டவுனுல கேட்டா ஒரு லோடு அனுப்புவான். ஆனா இந்தக் கேட்டுக்குள்ள எப்படி வரும்?"

"கீர்த்திவாசன் சார்கிட்ட காரணத்தைச் சொல்லிக் கேட்டா, விழா முடியற வரைக்கும் ஐஸ்கிரீம்காரனைக்கூட இந்தத் தெருவுல விடமாட்டார்."

"அப்ப?"

"காரணத்தைச் சொல்லாமக் கேக்கறேன்."

* * *

"டாக்டர், யூ ஆர் எ ஜீனியஸ்!" என்றார் கீர்த்திவாசன்.

வினோதா சொன்னது இவ்வளவுதான். மேடைக்கு முன்னால் ஒரு பனிக்கரடி நின்றால் நன்றாக இருக்கும். நிஜ அளவில், ரெண்டு கால்ல நின்னு, அமைச்சரைப் பார்த்துக் கையை நீட்டற மாதிரி. தெர்மாகோல் வேண்டாம், அதெல்லாம் பள்ளிக்கூட ஆண்டுவிழா. அசல் ஐஸ். ஸ்டார் ஹோட்டல் கல்யாணங்களில் அன்னம் செதுக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

"வெயில்ல உருகாதா?"

"அடியில சுத்தி இன்னும் நாலு டன் ஐஸை உடைச்சுக் கொட்டிட்டா நிக்கும் சார். பார்க்கவும் துருவம் மாதிரி இருக்கும்."

"நம்ம பயல்களும் அதைச் சுத்தி விளையாடினா?"

"கண்டிப்பா அதைப் பார்த்து வருவாங்க சார்."

அவள் அன்று பொய்யாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர்தான் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை. தங்கையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டிருந்தால் ஒருவேளை அவள் காரணத்தைச் சொல்லியிருப்பாள்.

விழா நாள் காலையில் லாரி வந்தது. அம்சவல்லியின் தூக்குவாளியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிற காவலாளிகள் லாரிக்கு விறைப்பாக சல்யூட் அடித்து கேட்டை அகலமாகத் திறந்தார்கள். தார்ப்பாய்க்கும் உமிக்கும் அடியில் கரடி படுத்தபடி வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு வண்டி. அதில் விருந்தினர்களுக்கான பிரியாணி. 'விருந்தினர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய சோறு சோதனையைக் கெடுக்காது போலிருக்கிறது.

மேடையில் அமைச்சர் மைக்கைப் பிடித்தார். விடவில்லை.

"பசி என்பது பழங்காலத்து வியாதி! அம்மை போயிற்று, போலியோ போயிற்று, இன்று பசியும் போகிறது! இதோ இந்த உழைக்கும் தோழர்களைப் பாருங்கள், என்ன குதூகலம்! அடுத்து பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்த ஊசி. சத்துணவுக் கூடமெல்லாம் கம்ப்யூட்டர் கூடமாகும்!"

கைதட்டல். தளத்தில் மீனவர்கள் முட்டிக்கொண்டிருந்தார்கள். டெலிவிஷன் கேமராக்கள் அவர்களை வளைத்து வளைத்துப் படம் பிடித்தன. கீர்த்திவாசன் முன்னால் வந்து, "ஐயா அவர்கள் திருக்கரத்தால்..." என்று கயிற்றை நீட்டினார். அமைச்சர் கயிற்றை இழுக்க, தார்ப்பாய் சரிந்தது.

ஒன்பது அடிக் கரடி வெயிலில் பளபளத்தது. கால்மாட்டில் குவித்திருந்த ஐஸிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி, கடற்காற்றில் தளம் முழுக்கத் தவழ்ந்தது.

விளையாட்டு நின்றது.

ஒரே சமயத்தில், மின்சாரம் போன மாதிரி. முட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்தார்கள். படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள். எல்லோருடைய மூக்கும் லேசாக மேலே தூக்கியது. நூறு பேர், ஒரு சத்தம் இல்லை. மெதுவாக மேடையை நோக்கி நடந்து வந்தார்கள்.

"பாருங்கள், பாராட்டுவதற்காக அவர்களே வருகிறார்கள்!" என்றார் அமைச்சர். குரல் பாதியில் தேய்ந்தது. அவர் நல்ல கனமான மனிதர். வெண்ணிறச் சட்டைக்குள் வியர்வையில் மினுமினுத்தார். நடந்து வருகிறவர்களின் கண்களில் இருந்தது நன்றி இல்லை என்று, வாழ்நாளெல்லாம் கூட்டங்களைப் பார்த்த அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மைக்கை விட்டார். பாதுகாவலரின் முதுகுக்குப் பின்னால் போனார். பனிக்கட்டிக்கு அருகில் தென்படும் உருண்டையான, கொழுத்த உருவத்தைக் கரடி என்ன செய்யும் என்று வினோதாவிடம் யாரும் கேட்கவில்லை.

அவர்கள் அமைச்சரைக் கடந்து போனார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஷாமியானா. பிரியாணி அண்டாவின் மூடியைக் காத்தவராயன் ஒரே கையால் தூக்கி எறிந்தான்.

அடுத்த பத்து நிமிடம் நேரலையில் போனது. 'பசியில்லாத மாநிலம்' என்ற பேனருக்குக் கீழே நூறு பேர் இரண்டு கையாலும் அள்ளித் தின்றார்கள். கரண்டி, இலை, தட்டு எதுவும் தேவைப்படவில்லை. பரிமாற நின்றவர்கள் நாற்காலிகளின் மேல் ஏறி நின்றார்கள்.

"டெமோ! இது டெமோ! மருந்து தீர்ந்ததும் இயல்பான பசி எப்படித் திரும்புதுன்னு..." என்று கீர்த்திவாசன் கேமராக்களுக்குக் குறுக்கே கையை வீசினார். மீன் கவிச்சி தாங்காமல் இன்னொரு கையால் கர்ச்சீப்பை மூக்கில் அழுத்தியிருந்தார்.

காத்தவராயன் நிமிர்ந்தான். தாடியில் பருக்கை. அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். வில்லங்கமாக இல்லை, அக்கறையாகத்தான் கேட்டான்.

"சார், ஒங்களுக்குப் பசிக்கலியா?"

மைக்குகள் திரும்பின.

"மொத ஊசி ஒங்களுக்குத்தானே? எங்களுக்கு முன்னாடியே போட்டீங்களே. ஐஸ் பக்கத்துலயே நிக்கிறீங்க, ஒண்ணும் பண்ணலியா?"

கீர்த்திவாசன் வாசல் பேனரைப் பார்த்தார். பேனரில் இருந்த கீர்த்திவாசன் சட்டையைச் சுருட்டிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"பசிக்குது. பயங்கரமா பசிக்குது" என்றார்.

"அட, பாவம்யா! சாருக்கு எடம் வுடுங்கடா!"

அவரை உட்காரவைத்தார்கள். காத்தவராயன் ஆட்டுத்தொடையோடு சேர்த்து மூன்று ஆள் சாப்பாட்டை அவர் முன்னால் கவிழ்த்தான். காலையில் இட்லியும் வடகறியும் முடித்துவிட்டு வந்திருந்த அந்த மனிதர், ஆறு கேமராக்களுக்கு முன்னால், பட்டினி கிடந்தவனைப் போல நடிக்கத் தொடங்கினார். ரொம்ப மோசமான நடிப்பு. நாலாவது கவளத்தில் கண்ணில் நீர் முட்டியது. "இன்னும் வைய்யி, இன்னும் வைய்யி, எத்தினி நாளுப் பசியோ!" என்று மீனவர்கள் அள்ளி அள்ளி வைத்தார்கள். அதில் எத்தனை பேர் வெள்ளந்தியாக வைத்தார்கள், எத்தனை பேர் புரிந்து வைத்தார்கள் என்பதை அவர்கள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதையெல்லாம் அம்சவல்லி பார்க்கவில்லை. விழாவில் கைதட்ட மனைவிமார்களையும் உள்ளே விட்டிருந்தார்கள். கூட்டம் பிரியாணிப் பக்கம் போன முதல் நிமிடமே அவள் கரடியின் கால்மாட்டு ஐஸில் ஏறி, ஐஸ் உடைக்கிற மரச்சம்மட்டியை வீசியிருந்தாள். முதல் அடி தவறியது. இரண்டாவதில் கரடியின் வலது காது பெயர்ந்து விழுந்தது. முந்தானையில் அதைச் சுருட்டிக்கொண்டு வலைக் கொட்டகைக்கு ஓடினாள். வினோதா கஞ்சித் தண்ணீர் ஃபிளாஸ்க்கோடு பின்னால் ஓடினாள். விருந்தினர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் ஃபிளாஸ்க்கை யாரும் திறந்து பார்க்கவில்லை.

தங்கையன் அதே இடத்தில், அதே கண்களோடு. அம்சவல்லி காதை அவன் நெஞ்சின் மேல் வைத்து, கைகளால் மூக்குப் பக்கம் குளிரை வீசினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"மெதுவாத்தான்மா வரும்" என்றாள் வினோதா. அந்தக் கிழட்டுக் கரடி எழுந்திருக்காததை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அவள் பையில் போன் அதிர்ந்தது. கீர்த்திவாசனின் செய்தி. எப்படியோ ஒரு கை ஒழிந்திருக்கிறது. 'அடுத்த தடவை ஐஸ் தேவைப்படாத மிருகமாப் பாருங்க.' வினோதா போனை அணைத்துப் பையில் போட்டாள். ஐஸ் தண்ணீர் தங்கையனின் விலாவில் வழிந்து பாயை நனைத்தது. அம்சவல்லி உருகிச் சிறுத்த காதை எடுத்து அவன் மூக்கருகில் பிடித்தாள். அவள் விரல்கள் விறைத்து வெளுத்துப்போயின. விடவில்லை.

தங்கையனின் மூக்கு விடைத்தது.

கண்கள் கடலை விட்டு மெல்ல நகர்ந்து, ஈர முந்தானையில் நின்று, அவள் முகத்துக்கு வந்தன.

"ஐஸ்... ஏத்தியாச்சா?"

"ஆங்."

"படகு கெளம்பப்போவுதா?"

அம்சவல்லி தலையை ஆட்டினாள். அவன் புருவம் சுருங்கியது. கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று கேட்கிற அதே எரிச்சலோடு கேட்டான்:

"அப்புறம் என்னா ஒக்காந்திருக்கே? தூக்குல என்ன கொழம்பு?"